வாசலில் கொட்டிய தண்ணீர்

பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்த கிழவர் நாஃப்தலி நிமிரவே இல்லை. ஒரு முனகல் கிடையாது, 'ஐயோ' கிடையாது. "மாமா, கஞ்சி ஆறுது" என்று மருமகள் ஹிந்தா அடுப்படியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் வராமல் போகவே வந்து தோளைத் தொட்டாள். கிழவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

எண்பதைத் தொட்ட மனிதர். இதயம் ஒரு வருஷமாகவே தாளம் தப்பி அடித்துக்கொண்டிருந்தது. படுக்கையில் கிடக்காமல், பிறத்தியார் கையை எதிர்பார்க்காமல் போய்ச் சேர்ந்தார். வேறு எந்தக் கோடையிலாவது இப்படிப் போயிருந்தால் ஸலுஷ்கி ஊரே அந்தச் சாவுக்குப் பொறாமைப்பட்டிருக்கும். ஆனால் புண்ணியவான் காலராக் கோடையாகப் பார்த்துப் போனார்.

ஹிந்தா அழுதாள். அவள் அழுதுகொண்டிருக்கும்போதே கைகள் தம் பாட்டுக்கு வேலையைப் பார்த்தன. கிழவரின் கண்களை மூடின. ஜன்னலைத் திறந்தன. மூலையில் இருந்த தண்ணீர் மரத்தொட்டியைத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துப்போய்த் தெருவில் கவிழ்த்தன. வாளியையும் குடத்தையும் கெட்டிலையும் அதன்மேலேயே கவிழ்த்தன.

யூதர் வீட்டில் சாவு விழுந்தால் மொண்டு வைத்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொட்டிவிட வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளிலும் கொட்ட வேண்டும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எமதூதன் தன் கத்தியை அந்தத் தண்ணீரில்தான் கழுவுவான் என்பார் ஒருவர். கெட்ட சேதியை வாயால் சொல்லக் கூடாது, தண்ணீரே சொல்லட்டும் என்பார் இன்னொருவர். ஹிந்தா காரணம் கேட்டவள் இல்லை. அவள் அம்மா கொட்டியதைப் பார்த்திருந்தாள், இப்போது அவளும் கொட்டினாள்.

தொப்பி தைத்துக்கொண்டிருந்த அவள் கணவன் ஸெலிக், வாயில் கவ்விய ஊசியோடு ஓடிவந்தான்.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டே! பின்பக்கம் கொட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எதிர்வீட்டு ரொட்டிக்காரி தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள், உள்ளே போய்த் தன் தொட்டியை இழுத்து வந்து கொட்டினாள். அதைப் பார்த்து அடுத்த வீடு கொட்டியது. அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை. கிணற்றடியில் மணிக்கணக்கில் நின்று வாளி நிரப்பிப் போகிற அந்த வறட்சியில், ஆறு வீட்டு வாசலிலிருந்து நல்ல தண்ணீர் தெருவில் ஓடியது.

ஸெலிக் பயந்ததில் நியாயம் இருந்தது. காவல் அதிகாரி தமுக்கடித்துச் சொல்லியிருந்தார்: இந்தக் கோடையில் எவர் செத்தாலும், எதனால் செத்தாலும், குளிப்பாட்டக் கூடாது, மயானத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. பிணம் ஊருக்கு வெளியே சுண்ணாம்புக் குழிக்குப் போகும். வீட்டை இருக்கிற ஆட்களோடு சேர்த்துப் பலகை அடித்து மூடிவிடுவார்கள். அப்படி மூடிய வீடுகளிலிருந்து ஆரோக்கியமாக வெளியே வந்தவர்களை யாரும் இன்னும் பார்க்கவில்லை. அதனால் பொழுது சாய்வதற்குள் கிழவரைச் சத்தமில்லாமல் குளிப்பாட்டி, தோட்டங்கள் வழியாகக் கொண்டுபோய் அவருடைய அப்பாவின் பக்கத்தில் புதைத்துவிட வேண்டும். அதற்குள் விஷயம் வெளியே போகக் கூடாது.

பக்கத்து வீட்டு ஒரிஸ்யா வேலியருகே வந்து நின்றாள். ஐந்து வயது மகன் தனில்கோ அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரிஸ்யா உக்ரைனியப் பெண், தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகிறவள். சனிக்கிழமைகளில் யூதர்கள் நெருப்பைத் தொட மாட்டார்கள் என்பதால் ஹிந்தாவின் அடுப்பை மூட்டிக் கொடுப்பது அவள்தான். வெள்ளை ரொட்டியில் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, அரைமணி நேரம் மாமியாரைத் திட்டிவிட்டுப் போவாள்.

"என்னடி ஹிந்தா, காலங்காத்தால ஆறா ஓட விட்டிருக்கே? பணக்காரி ஆயிட்டியா?"

ஹிந்தாவின் நாக்கில் உண்மை வந்து நின்றது. ஒரிஸ்யா நல்லவள். கேட்டால் மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள். ஆனால் அவள் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் காவல் அதிகாரியின் காதிலும் விழுந்துவிடும்.

"எலி விழுந்து கிடந்துச்சுக்கா."

"உங்க வீட்டு எலிக்கும் காலராவா?" என்று சிரித்துவிட்டு ஒரிஸ்யா மகனை இழுத்துக்கொண்டு போனாள்.

அந்தச் சிரிப்பு நிம்மதியாகத்தான் இருந்தது. பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். ஆறு வீட்டு வாசலிலும் ஓடிய தண்ணீர் இந்தப் பொய்யை நிற்க விடாது என்பது ஹிந்தாவுக்கு அப்போது உறைக்கவில்லை.

பிணம் கழுவுகிறவர்கள் மூன்று பேர் பின்வாசல் வழியாக வந்தார்கள். மூத்தவர் கிழவரின் மேல் போர்த்தியிருந்த துணியைச் சரிசெய்துவிட்டு, சட்டைக்கையை மடித்தார்.

"தண்ணி எங்கம்மா?"

ஹிந்தா கணவனைப் பார்த்தாள். அவன் காலித் தொட்டியைப் பார்த்தான். கொட்டச் சொன்ன அதே சாஸ்திரம் இப்போது வாளி வாளியாக ஊற்றச் சொல்லிக்கொண்டு நின்றது. கேட்டு வாங்கலாம் என்றால் அக்கம்பக்கத்தில் எந்த வீட்டிலும் ஒரு மடக்குக்கூட இல்லை.

"நான் போறேன்" என்றான் ஸெலிக்.

"நீங்க போனா அடி விழும். பொம்பளைன்னா ஏச்சோட விடுவாங்க" என்று சொல்லி ஹிந்தா வாளிகளைக் காவடிக் கட்டையில் மாட்டினாள்.

கிணற்றடியில் கூட்டம் இருந்தது. ஆனால் யாரும் தண்ணீர் மொள்ளவில்லை. வண்டிச்சக்கரம் செய்கிற ஹ்னாத் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தான். அந்த வாரம்தான் தன் தங்கையைச் சுண்ணாம்புக் குழிக்கு அனுப்பியிருந்தான். கம்பவுண்டர் பன்தெலி சற்றுத் தள்ளி நின்றார். முந்தின நாள் அவர் கிணற்றில் வெள்ளைப் பொடி போட வந்தபோது, "விஷம் வைக்கிறியா?" என்று ஹ்னாத்தான் அவர் சட்டையைப் பிடித்திருந்தான். பட்டணத்திலிருந்து வந்த மருந்து அது என்று அவர் கெஞ்சியதை யாரும் நம்பவில்லை. அவர் காதோரம் இன்னும் வீங்கியிருந்தது. ஹிந்தா வருவதைப் பார்த்ததும் எல்லாருடைய கண்ணும் அவரை விட்டு அவள்மேல் திரும்பியது. கம்பவுண்டர் நிம்மதியாக மூச்சு விட்டதை ஹிந்தா பார்த்தாள்.

"காலையில கொட்டின தண்ணிக்குப் பதிலா மொள்ள வந்தியா?" என்றான் ஹ்னாத். "எதுக்குக் கொட்டினே?"

"எலி விழுந்துடுச்சுண்ணே."

"ஆறு வீட்லயுமா? ஒரே நேரத்துலயா? எலிங்க பேசி வச்சுக்கிட்டு விழுந்துதா?"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் சேராத ஒரே ஆள் ஒரிஸ்யா. அவள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரி நீ. நீ சொல்லு" என்று ஹ்னாத் அவள் பக்கம் திரும்பினான்.

"எலின்னுதான் என்கிட்டயும் சொன்னா" என்றாள் ஒரிஸ்யா. பிறகு ஹிந்தாவை நேராகப் பார்த்தாள். "எலியாடி? என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

ஹிந்தா கண்ணைத் தாழ்த்தி வாளியைப் பார்த்தாள்.

"கிணத்துல என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். "தெரிஞ்சுதான் கொட்டியிருக்காங்க. போட்டவனுக்குத்தானே தெரியும்!"

வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. ஈஸ்டருக்குப் பாதிரியார் சொன்னது ஒருத்திக்கு ஞாபகம் வந்தது. ஆண்டவரைக் கொன்றவர்கள் இவர்கள். ஹிந்தா ஒரு கோழியைக்கூடத் தானாக அறுத்ததில்லை, அறுக்கிறவரிடம் கொடுத்துத்தான் வாங்குவாள். தன் தாத்தா காலத்துக் காலராவிலும் யூதத் தெருவில் குறைவாகத்தான் செத்தார்கள் என்றார் ஒரு பெரியவர். அவர் எண்ணிப் பார்த்தாரா, தாத்தாதான் எண்ணினாரா என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டு நிலவறையிலும் முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடி இருப்பதுபோல இந்தப் பழிப்பேச்சும் இருந்தது. யார் போட்டது, எப்போது போட்டது என்பது தெரியாது. பசிக்கிறபோது எடுத்துத் தின்ன வேண்டியதுதான்.

இனி மறைத்துப் பயனில்லை என்று ஹிந்தாவுக்குப் பட்டது.

"என் மாமனார் செத்துட்டாரு" என்றாள். "சாவு வீட்ல தண்ணியைக் கொட்டறது எங்க வழக்கம். நான் கொட்டினதைப் பாத்து மத்தவங்களும் கொட்டினாங்க. அவ்வளவுதான். சத்தியமா அவ்வளவுதான்."

ஒரிஸ்யா சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் கண் கலங்கியது. அந்த ஒரு கணம் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் போலிருந்தது.

"அப்போ காலராப் பிணத்தை வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்க!" என்றான் ஹ்னாத்.

"காலரா இல்லண்ணே! இதயம்! கம்பவுண்டரய்யா, நீங்கதானே போன வாரம் வந்து நாடி பாத்தீங்க. சொல்லுங்கய்யா!"

கம்பவுண்டர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார், மறுபடி போட்டுக்கொண்டார். அவருக்கு எல்லாம் தெரியும். இதயம் என்றும் தெரியும், கோடை தாங்காது என்று ஸெலிக்கிடம் சொன்னதும் தெரியும். வீங்கிய காதைத் தடவிக்கொண்டார்.

"போன வாரம் பாத்தது போன வாரம்" என்றார்.

ஹிந்தாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. முன்னால் போனால் முட்டுகிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. உண்மை சொன்னாலும் குற்றம், பொய் சொன்னாலும் குற்றம் என்றால் மனுஷி எந்த வாயால்தான் பேசுவது?

"தண்ணியில ஒண்ணுமில்லேன்னா குடிச்சுக் காட்டு" என்றான் ஹ்னாத்.

அவள் வாளியைக் கிணற்றில் இறக்கினாள், இழுத்தாள், இரண்டு கைகளாலும் தூக்கி வாய் வைத்துக் குடித்தாள். கழுத்து வழியாக வழிந்து ரவிக்கை நனைந்தது. தண்ணீர் குளிர்ச்சியாக, எப்போதும்போல இரும்புச் சுவையோடு இருந்தது.

"போதுமா? இப்போ ஒரு வாளி கொண்டு போகட்டுமா? பொழுது சாயறதுக்குள்ள அவரைக் குளிப்பாட்டணும்."

"உக்காரு. பாக்கலாம்" என்றான் ஹ்னாத். "என் தங்கச்சி காலையில குடிச்சா, சாயங்காலம் சுருண்டுட்டா. நீயும் உக்காரு."

மாட்டுத்தொட்டியின் விளிம்பில் அவளை உட்கார வைத்தார்கள். யாரும் அவளைத் தொடவில்லை, சுற்றி நின்றார்கள், அவ்வளவுதான். தெருமுனையில் அவள் வீட்டு ஜன்னல் தெரிந்தது. திரைக்குப் பின்னால் ஸெலிக் நிற்பான். அவன் வெளியே வந்தால் கதவு திறக்கும், கதவு திறந்தால் இவர்கள் உள்ளே நுழைவார்கள். அவன் வரக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள். வர மாட்டானா என்று ஏங்கவும் ஏங்கினாள். வெயில் தேவாலயக் கூரையிலிருந்து நழுவி மதில்மேல் இறங்கியது. இதற்குள் கிழவர் கைகால் விறைத்திருக்கும். குளிப்பாட்டுகிறவர்கள் மடித்த சட்டைக்கையோடு உட்கார்ந்திருப்பார்கள்.

கொஞ்ச நேரத்தில் தன் வீட்டிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரிஸ்யா ஓடினாள். கூட்டத்தில் பேச்சு மெல்ல மெல்ல மாறுவது ஹிந்தாவின் காதில் விழுந்தது. முதலில், "இன்னும் ஒண்ணும் ஆகலியே" என்றது சந்தேகமாகத்தான் இருந்தது. பிறகு, "பாரு, ஒண்ணுமே ஆகல" என்றார்கள். அதில் சந்தேகம் இல்லை. பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தவன் கதையில்கூடப் பாலைக் குடித்துத்தான் கெட்ட பெயர் வந்தது. ஹிந்தாவுக்கு உயிரோடு உட்கார்ந்திருப்பதே கெட்ட பெயராகிக்கொண்டிருந்தது.

"மாத்து மருந்து தின்னுட்டுத்தான் வந்திருக்கா" என்றான் ஹ்னாத். யாரோ கீழே குனிந்து கல் எடுக்கும் சத்தம் கேட்டது.

அப்போது கூட்டம் வழிவிட்டது. ஒரிஸ்யா வந்தாள். தனில்கோ அவள் தோளில் துணிபோலத் தொங்கினான். அவன் கால்கள் வழியாக நீர்த்துப்போன மலம் வடிந்து அவள் பாவாடையை நனைத்திருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கம்பவுண்டர் ஓடிவந்து பையனின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மெல்லக் கீழே விட்டார்.

ஒரிஸ்யா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அவள் ஹிந்தாவின் முன்னால் மண்டியிட்டாள். அடுப்பு மூட்ட வரும்போது ரொட்டி கேட்கிற அதே குரலில் கேட்டாள்:

"இவனும் இந்தத் தண்ணியைத்தான்டி குடிச்சான். நீயும் அதைத்தான் குடிச்சே. உனக்கு மட்டும் ஏண்டி ஒண்ணும் ஆகல? என்ன தின்னேன்னு சொல்லிடுடி. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இவனுக்கும் கொஞ்சம் குடு."

ஹிந்தா கையை விரித்துக் காட்டினாள். காலிக் கை. "என்கிட்ட ஒண்ணுமில்லக்கா" என்றாள். ஒரிஸ்யா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த கெஞ்சல் மெதுவாக வேறொன்றாக மாறியது. யாரோ கல்லெடுத்தபோது அசையாத ஹிந்தா அதைப் பார்த்து விரித்த கையைச் சட்டென்று மடக்கிக்கொண்டாள்.

ஹிந்தா எழுந்து கிணற்றுக்குப் போனாள். யாரும் தடுக்கவில்லை. வாளியை இறக்கி, இழுத்து, குடித்தாள். மூச்சு வாங்கியது. மறுபடி குடித்தாள். யாரும் சொல்லாமலே மறுபடியும் இறக்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். வலி வரட்டும், ஆண்டவனே, இவர்கள் கண்ணெதிரில் ஒரு தடவை வாந்தி வரட்டும் என்று கேட்டாள். அந்த ஊரில் அவள் குற்றமற்றவள் என்று சொல்லச் சாட்சி வேறு யாரும் இல்லை. வெயில் மதிலை விட்டு இறங்கியது. சுற்றி நின்றவர்கள் காத்திருந்தார்கள், அவளும் காத்திருந்தாள். வயிற்றில் ஒரு சின்ன வலிகூட வரவில்லை.