இடக்கைக்கு இருபது சுற்று

1

விலை சொல்ல முடியாத ஒரு பொருளின் விலை முந்நூற்றைம்பது ரூபாய். கூரியர் செலவு தனி.

விழுப்புரத்தில் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் ஒரு ஸ்டேஷனரி கடை இருக்கிறது. உள்ளே ஜெராக்ஸ் மெஷினுக்கும் லேமினேஷன் மெஷினுக்கும் நடுவில் கண்ணாடி மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் கலையரசி, மைப்பேனாவின் நிப்பை அவரவர் கைக்குத் தகுந்தபடி தேய்த்துக் கொடுப்பதற்கு வாங்குகிற கூலி அது. ஒருவர் கையோடு இன்னொருவர் கை ஒத்துப்போகாது என்பதால் அதற்கு விலை கிடையாது. வாடகை கட்ட வேண்டியிருப்பதால் விலை உண்டு.

சரக்கை எங்கே வாங்கினேன் என்று மறைக்கிற வியாபாரியை நானே நம்பமாட்டேன். ஆகவே இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பேனா சட்டைப்பையில் மை கக்கிவிட்டது. கலையரசியிடம் கொண்டுபோனேன். கழற்றித் தண்ணீரில் போட்டாள். அது ஊறுகிற நேரத்தில் இந்தக் கதையைச் சொன்னாள். காசு வாங்கவில்லை. எங்கள் வீட்டில் இனாமாக வந்த துணியை முதலில் வெயிலில் பிடித்துப் பார்ப்போம், எங்கே ஓட்டை என்று. இதையும் அப்படிப் பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த இடம் வந்ததும் காட்டுகிறேன்.

(அழிந்துவரும் கலை என்று யாராவது பேட்டி எடுக்க வந்தால் கலையரசி தன் ஜிஎஸ்டி எண்ணைக் காட்டி அனுப்பிவிடுவாள். பெங்களூரிலிருந்தெல்லாம் அவளுக்குப் பேனா வருகிறது. நீங்களும் பெருமூச்சு விட வேண்டாம்.)

2

முதல் தொடக்கம்: ‘மழை விட்டும் தூவானம் விடாத ஒரு மாலையில், திண்டிவனத்திலிருந்து ஒரு பெண்மணி—’

பொய். ஆனி மாத வெயில். தார் உருகிக்கொண்டிருந்தது.

இரண்டாம் தொடக்கம்: ‘முருகையன் வாத்தியாரின் பேனாவை முப்பது வருடங்களாக வேறு யாரும் தொட்டதில்லை, ஏனென்றால் அவர்—’

இதையும் விட்டுவிட்டேன். மைப்பேனா என்றாலே வாத்தியார் வந்து நின்றுவிடுகிறார். கலையரசியிடம் படித்துக் காட்டியபோது, “வாத்தியாரா? மல்லாட்டை மண்டிக்காரர் சார் அவரு. திண்டிவனத்துல கமிஷன் கடை. நீங்களா எதுக்கு வேலை மாத்தி விடறீங்க?” என்றாள்.

சரி. நிலக்கடலை மண்டிக்காரர் முருகையன். கதை அவர் இல்லாமலே தொடங்குகிறது, அவர் மனைவி தேவகி தனியாகக் கடைக்கு வந்ததிலிருந்து.

நகைக்கடைக்காரர் கொடுக்கிற ரோஜா நிறத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். பிரித்தால் இறுக்கிய ரப்பரில் கடைந்த கறுப்பு எபோனைட் பேனா. நேராக உடம்புக்குள்ளேயே மை ஊற்றுகிற பழைய மாடல்.

“வாஷ் பண்ணணுமாம்மா?”

“வாஷும் பண்ணு. அப்படியே இதை இடது கைப் பேனாவா மாத்திக் குடு பாப்பா.”

தை மாதத்தில் முருகையனுக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது. பேச்சு ஒரு வாரத்தில் திரும்பிவிட்டது. (“அது மட்டும் ஒரு மாசம் கழிச்சி வந்திருக்கலாம்,” என்றாள் தேவகி.) வலது கை மட்டும் வரவில்லை. இடது கையால் எழுதிப் பழகச் சொல்லித் தெரபிக்கு வருகிற பெண் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“இவரு இன்னாடான்னா பேனா கீறுது, பேனா கீறுதுன்னு அதையே சாக்கா சொல்லிக்கினு, வலது கையை மடியில போட்டுக்கினு உக்காந்துக்கினு இருக்காரு. குழந்தையத் தூங்க வெச்சிருக்கற மாதிரி.”

“பால்பென்னு குடுத்துப் பாக்கறதுதானே?”

“தொடமாட்டாரு. அது கல்யாணத்துல மொய் எழுதறவன் காதுல சொருகிக்கிற ஐட்டமாம்.”

“வலது கை வருமாம்மா? டாக்டர் இன்னா சொல்றாரு?”

“வந்தாலும் வரும்ன்றாரு. இதைச் சொல்ல நான் போதும், அதுக்கு எதுக்கு ஐநூறு ரூபா?”

கலையரசி பேனாவைக் கழற்றினாள். இடது கையால் ஒரு கோடு இழுத்துப் பார்த்து மூடியதோடு சரி, ஆறு மாதமாகத் திறக்கவே இல்லை. நிப்புக்கு அடியில் மை கொண்டுவரும் கட்டையின் வரிகளில் மை காய்ந்து பக்கு கட்டியிருந்தது. டம்ளர் தண்ணீரில் போட்டதும் நீலம் நூல் நூலாக இறங்கியது.* இரண்டு முறை தண்ணீர் மாற்றி, துடைத்து, சொட்டு மை தொட்டு எழுதிப் பார்த்தாள். அவள் கையிலும் கீறியது. லென்ஸை வைத்துப் பார்த்தாள்.

* பச்சைத் தண்ணீர்தான். சீக்கிரம் வேலை முடியட்டும் என்று வெந்நீர் ஊற்றினால் எபோனைட் கறுப்பு போய்ச் சாணி நிறமாகிவிடும். என் பேனா எந்த நிறம் என்று கேட்காதீர்கள்.

நிப்பின் நுனியில் கடுகை விடச் சிறிதாக ஒரு கெட்டி உலோகப் பொட்டு இருக்கும். காகிதத்தைத் தொடுவது அதுதான். புதுப் பேனாவில் உருண்டை. தினமும் ஒரே ஆள் எழுத எழுத, அவர் பேனாவைச் சாய்க்கிற சாய்வில், அவர் கொடுக்கிற அழுத்தத்தில், அது ஒரு பக்கமாகத் தேய்ந்து சரிவாகிவிடும். பிறகு அவருக்கு வெண்ணெயாக எழுதும், மற்றவர்களுக்குக் கீறும். பேனாவை இரவல் தராதவர்கள் எல்லாரும் கஞ்சர்கள் இல்லை.

முருகையனின் வலது கை முப்பத்தொரு வருடங்களாகத் தேய்த்த சரிவை லென்ஸுக்கு அடியில் கலையரசி பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கைக்கு மாற்ற வேண்டுமென்றால் அந்தச் சரிவைத் தேய்த்து எடுக்க வேண்டும். போன உலோகம் போனதுதான்.

“கையைப் பாக்காம நிப்பைத் தொடமாட்டேன்மா. அவரைக் கூட்டிக்கினு வாங்க.”

“அவரு எதுக்கு? தெரியாம செஞ்சி குடுத்துடு. கைல சொருகிட்டா எழுதிட்டுப் போறாரு.”

“உங்களுக்குத் தெரியாம உங்க வளையலை அறுத்தா ஒத்துப்பீங்களா?”

தேவகி பேனாவை எடுத்துத் தாளில் சுற்றினாள்.

3

இந்த இடத்தில் எனக்கு முருகையன் மேல் சந்தேகம் வந்தது. ஒரு கமிஷன் மண்டிக்காரருக்கு இந்தக் காலத்தில் மைப்பேனா எதற்கு? நல்ல பெயர் வாங்குவதற்காக நான் சேர்த்த அலங்காரம் என்று நீங்கள் நினைத்தால்?

விசாரித்தேன். மூட்டை பார்த்து, காய் உடைத்து, விலை எழுதிச் சீட்டு கொடுப்பது அவர் வேலை. காலையிலிருந்து மத்தியானம்வரை சீட்டு, சீட்டு, சீட்டு. பால்பென்னை அழுத்த வேண்டும். மைப்பேனாவைத் தாளில் சாய்த்தால் அதுவே போகும். விரல் வலிக்காது. ஆக, சோம்பேறித்தனம். சோம்பேறித்தனம் என்றதும் எனக்கு ஆளின்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அவர் பேனா மாதிரியான பேனாவில் மை குறைந்தால் உள்ளே காற்று கூடும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளி, சீட்டில் பொட்டென்று சொட்டு விழும். அதனால் அவர் தினமும் காலையில் கழுத்துவரை நிரப்பிவிடுவார். கை விழுந்த அன்றைக்கும் நிரப்பியிருந்தார். ‘நிரப்பிய மையில் ஒரு சொல் கூட எழுதாமல் அந்தக் கை—’

வேண்டாம். அழவைக்கிற வாக்கியத்துக்கு என்னிடம் லைசென்ஸ் இல்லை.

4

அடுத்த சனிக்கிழமை முருகையனும் தேவகியும் பஸ்ஸில் வந்தார்கள். பேனா கழுவப் போகிறோம் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தாள்.

முருகையன் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “நீதான் பேனா டாக்டரா? எங்க டாக்டர் மாதிரி டெஸ்ட்டா எழுதிக் குடுப்பியா, இல்ல மருந்தும் உண்டா?”

“முதல்ல நீங்க எழுதிக் காட்டுங்கய்யா.”

“எந்தக் கையால?”

தேவகி லேமினேஷன் மெஷினைப் பார்த்தாள். கலையரசி பேனாவை அவருடைய இடது பக்கமாக நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, சின்னப் பையன் குச்சியைப் பிடிக்கிற மாதிரி பிடித்து ஒரு கோடு இழுத்தார். நிப்பு கிறீச்சென்று காகித நாரைக் கிழித்துக்கொண்டு போனது.

“பாத்தியா, கீறுது!” அவர் முகத்தில் வழக்கில் ஜெயித்த களை.

“கீறத்தான் செய்யும்யா. இது உங்க வலது கைக்குத் தேஞ்ச நிப்பு.”

“அதத்தானே நானும் ஆறு மாசமா சொல்லிக்கினு இருக்கேன்.”

பாலிஷ் ஷீட்டின்மேல் நிப்பைச் சுற்றிச் சுற்றித் தேய்க்கலாம், இருபது சுற்றுப் போட்டால் இடது கைக்கு வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் பழைய சரிவு இருக்காது என்று கலையரசி சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

“அப்ப எனக்கு வலது கை வந்துச்சுன்னா?”

“வேற நிப்பு போட்டுக்கலாம்யா.”

“வேற கை போட்டுக்கலாம்ன்ற மாதிரி சொல்றியேம்மா.”

“வந்தா அன்னிக்குப் பாத்துக்கலாங்க,” என்றாள் தேவகி. “வரலைன்னா? ஆடியில காய் வந்து எறங்கும். சீட்டை யாரு எழுதறது? உங்க தம்பியா? அவரு எழுதினா மண்டி யாருதாகும்னு உங்களுக்குத் தெரியாதா?”

முருகையன் தொண்டையைச் செருமி, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார்.

“இருபது சுத்துன்ற. கடைசியா எவ்ளோ?”

“இது ரேட்டு இல்லைங்கய்யா.”

“மூணு.”

“மூணு சுத்துல ஒண்ணுமே ஆகாதுங்கய்யா.”

“ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதானே மூணு கேக்கறேன்.”

“பதினஞ்சு,” என்றாள் தேவகி.

“நீ யாரு பக்கம்?”

“இடது பக்கம்.”

ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “மூணு!” என்றார் முருகையன், சத்தமாக. “பதினஞ்சு!” என்றாள் தேவகி. பிறகு சட்டென்று குரலை இறக்கினாள்.

“நாலு பேரு எதிர்ல கூவாதீங்க. துண்டைப் போடுங்க.”

தேவகியின் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். விற்பவரும் வாங்குபவரும் ஒரு துண்டுக்கு அடியில் கையைக் கோத்து, விரலைப் பிடித்து, மடக்கி, அழுத்திப் பேசுவார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும். மாடு வாங்கப் போன இடத்தில்தான் முருகையன் தரகரையும் அவர் மகளையும் பார்த்தார்.

அந்தப் பேரம் எப்போதும் வலது கையால்தான்.

முருகையன் அசையவில்லை. தேவகியே அவர் தோளிலிருந்து துண்டை உருவினாள். மடியில் கிடந்த கையின்மேல் விரித்தாள். தன் வலது கையை உள்ளே விட்டாள்.

5

ஓட்டை என்று சொன்னேனே, அது இதுதான். எழுதுகிறவனுக்கு எல்லார் மனசுக்குள்ளும் போய்வர அனுமதி உண்டு என்பார்கள். எனக்கும் சில வீடுகளில் உண்டு. ஆனால் சந்தையில் துண்டைத் தூக்கிப் பார்ப்பவனை உதைப்பார்கள். நான் அந்தக் கட்டுப்பாட்டில் வளர்ந்தவன்.

வெளியே நின்று ஊகிக்கலாம்.

(அ) விரல் அசைந்தது. ஆறு மாதமாக டாக்டருக்குக் காட்டாததை மனைவிக்குக் காட்டியது.

(ஆ) அசையவில்லை. தேவகி தானே கேட்டு, தானே மடக்கி, தானே ஒத்துக்கொண்டாள்.

(இ) முருகையன் இடது கையைத் துண்டுக்குள் விட்டு ஏமாற்றினார். இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இடது கை பேனாவைப் பிடித்தபடி மேசைமேல் இருந்ததைக் கலையரசி பார்த்திருக்கிறாள். போயிற்று.

துண்டு அசைந்ததா என்று அவளிடமே கேட்டேன். “அசைஞ்சிச்சி சார். ஆனா மேல ஃபேனும் ஓடிக்கினு இருந்துச்சு.”

தேவகியின் முகம்? அதையும் கேட்டேன். தரகர் மகளின் முகத்தில் என்ன தெரியும் என்றாள். உண்மைதான். விலை படிகிறபோது முகம் காட்டினால் அந்தக் குடும்பம் எப்போதோ பட்டினி கிடந்திருக்கும்.

நேரமானது. தேவகி கையை வெளியே எடுத்தாள்.

“ஏழு.”

“ஐயா சொன்னதா, நீங்க சொன்னதாம்மா?” கலையரசிக்கு அது தெரிந்தாக வேண்டும். தேய்க்கப்போவது அவள் கை.

“துண்டுக்குள்ள பேசினதை வெளியில கேக்கக்கூடாது பாப்பா.”

கலையரசி அவரைப் பார்த்தாள். முருகையன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “ஜல்தியா போடும்மா. மூணு மணி பஸ்ஸு போயிட்டா பேஜாரு,” என்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

6

கலையரசி ஷீட்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். இடது கை பிடிக்கிற சாய்வில் நிப்பைச் சாய்த்து, ஒரு சுற்று. துடைத்துவிட்டு இன்னொன்று. ஷீட்டில் சாம்பல் நிறத்தில் மெல்லிய வட்டம் விழுந்தது. ஆறாவது சுற்றுக்குப் பிறகு லென்ஸில் பார்த்தாள். இடது கைக்கு ஒரு முகம் பிறந்திருந்தது. பக்கத்தில் வலது கையின் சரிவு ஒரு நூலளவு மிச்சமிருந்தது. இன்னொரு சுற்றில் அது போய்விடும்.

அவள் ஷீட்டை மடித்து வைத்தாள்.

கழுத்து மரையில் மை கசியாமலிருக்கக் கிரீஸ் தடவினாள். இங்க் பில்லரால் மை நிரப்பி, முடுக்கி, தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். முருகையன் இடது கையால் எழுதினார். ‘முருகை’ வரை வந்து நிறுத்தினார். எழுத்து கோணலாக இருந்தது. காகிதம் கிழியவில்லை.

“லேசாக் கீறுதே.”

“ஆறுதான் போட்டிருக்கேன்யா. ஒரு சுத்து நிறுத்தி வெச்சிருக்கேன். எந்தக் கைன்னு உங்களுக்கே தெரிஞ்சதும் வாங்க.”

“பேசினது ஏழு,” என்றாள் தேவகி. குரலில் கோபமா, நிம்மதியா என்று கலையரசிக்குப் பிடிபடவில்லை.

“பாக்கி வெச்சா வட்டி ஏறும்மா,” என்றார் முருகையன். பேனாவை மூடினார். மிச்சமிருந்த இரண்டு எழுத்தை எழுதாமலே எழுந்தார்.

அதன்பிறகு அவர்கள் வரவில்லை. ஆடி வந்துவிட்டது. திண்டிவனத்துக்கு ஒரு பஸ் பிடித்து, மண்டியில் சீட்டை யார் எழுதுகிறார்கள், எந்தக் கையால் எழுதுகிறார்கள் என்று நான் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். ஒரு மணி நேரப் பயணம்தான். போகவில்லை. பஸ் நிலையம்வரை போய்த் திரும்பிவிட்டேன். நான் பார்த்துவிட்டால் உங்களுக்கு எதையும் விட்டுவைக்காமல் சொல்லித் தொலைப்பேன். நீங்கள் வேண்டுமானால் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் உட்கார்ந்த இடத்திலேயே நிப்பைச் சாய்த்து அந்தக் கடைசிச் சுற்றைத் தேயுங்கள், அல்லது தேய்க்காதீர்கள்.

கணக்கை மட்டும் ஒப்படைத்துவிடுகிறேன்.

கலையரசி சொன்னது: இருபது சுற்று.
தேவகி கேட்டது: பதினைந்து.
முருகையன் கொடுத்தது: மூன்று.
துண்டுக்குள் படிந்தது: ஏழு.
போட்டது: ஆறு.
பாக்கி: ஒன்று.