சபாபதி நடந்த சாலை

ஜூலை வந்தால் மார்மன் கிறிஸ்தவ சபையில் முன்னோடிகள் நாள். நூற்றெழுபது வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் கைவண்டி இழுத்துக்கொண்டு, பனியில் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு நடந்தவர்களின் கதையைச் செல்வராணி முப்பது தடவைக்கு மேல் கேட்டிருந்தாள். இந்த வருஷம் மலேசியாவில் அவளுடைய தம்போய்க் கிளையின் தலைவர் மனோகரன் வேறு யோசனை சொன்னார்.

"அமெரிக்காவுக்கு எப்படிப் போறது? நம்ம முன்னோடி நடந்த இடத்த வேன்ல போய்ப் பாத்துட்டு வரலாம் லா."

அந்த முன்னோடி அவளுடைய அண்ணன் சபாபதி. அந்தக் கிளையில் முதலில் ஞானஸ்நானம் பெற்ற தமிழன். பத்தொன்பது வயதில், கூலாய்த் தோட்டத்திலிருந்து தம்போய் ஆராதனைக்கு நடந்து வரும்போது லாரி மோதி இறந்துபோனான். அவன் எதைத் தேடி நடந்தான் என்று பார்க்கத்தான் எட்டு மாதம் கழித்து அவள் இந்தச் சபைக்கு வந்தாள். வந்தவள் தங்கிவிட்டாள்.

வேனில் ஒன்பது பேர். மனோகரனின் மகள் லோஷினி ஓட்டினாள். கூலாயில் தோட்டத் தொழிலாளரின் பழைய லயம் இருந்த இடத்தில் எண்ணெய்ப்பனை வளர்ந்திருந்தது. அவர்கள் வீட்டின் சிமெண்டுப் படி மட்டும் புல்லுக்குள் கிடந்தது. செல்வராணி அதில் கால் வைக்கவில்லை.

மனோகரன் எழுதி வந்த தாளைப் பிரித்து வாசித்தார். "சைக்கிள் இருந்தும், அந்த முன்னோடிகள் மாதிரியே நடக்கணும்னு சபாபதி அன்னிக்குத் தீர்மானிச்சார்..."

பனைகளுக்குள்ளே கிறீச், கிறீச் என்று ஒரு சத்தம். சக்கரம் சுற்ற முடியாமல் முனகும் சத்தம். அண்ணன் இறந்த நாள் விடிகாலையில் செல்வராணி பாயில் படுத்தபடி கேட்ட சத்தம் அது. பூட்டிய சைக்கிளை அண்ணன் வாசலில் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "ராணி, சாவியப் பாத்தியா?" என்று மெதுவாகக் கேட்டான். அவள் தூங்குவதுபோல் கிடந்தாள்.

மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு வங்காளதேசத் தொழிலாளி பழக்குலை ஏற்றிய தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். எல்லோரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கடந்து போனான். அவன் மறைந்த பிறகும் சத்தம் நிற்கவில்லை.

"நிறுத்துங்க பிரதர்," என்றாள் செல்வராணி.

மனோகரன் நிமிர்ந்தார்.

"அவன் தீர்மானிக்கல. சாவிய நான்தான் அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சி வச்சேன். எனக்குப் பதினாறு வயசு. சபைக்குப் போனா அப்பா அவன வெட்டிப் போடுவேன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. ஒரு ஞாயித்துக்கெழம போகாம இருந்தா வீடு அடங்கிடும்னு நெனச்சேன். நடந்து போவான்னு எனக்குத் தெரியாது."

லோஷினி கிட்டே வந்து கேட்டாள். "யார்கிட்டயுமே சொல்லலையா, ஆன்ட்டி?"

"சாமிகிட்ட சொன்னேன். மனுசங்ககிட்ட சொல்லல. அவன் செத்த அன்னிக்கு அப்பா அந்த டின்னத் தொறந்து அரிசி எடுத்தாரு. சாவியப் பாத்தாரு. என்னையும் பாத்தாரு. அதுக்கப்பறம் சாகற வரைக்கும் எங்கிட்டப் பேசல."

மனோகரன் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். "எங்க விழுந்தாரு சிஸ்டர்? அங்க போய் ஜெபம் பண்ணுவோம்."

"செனாய் தாண்டின்னு சொன்னாங்க. நான் போய்ப் பாக்கல."

பழைய சாலையில் வேன் மெல்லப் போனது. இரண்டு வழிச் சாலை இப்போது ஆறு வழியாகிவிட்டிருந்தது. பட்டறைகள், பெட்ரோல் நிலையம், மேம்பாலம். ஓரிடத்தில் "இங்கதான்" என்றாள் செல்வராணி. எல்லோரும் இறங்கி ஜெபித்தார்கள். வேன் கொஞ்ச தூரம் போனதும் வெளியே எட்டிப் பார்த்து, "இல்ல, இங்கதான் இருக்கும்" என்றாள். லோஷினி முகம் சுளிக்காமல் மறுபடி நிறுத்தினாள். மறுபடி இறங்கினார்கள். மழை பிடித்துக்கொண்டது. ஐந்தாவது தடவை செல்வராணி தனியாகவே இறங்கி, லாரிகள் தண்ணீரை வாரியடித்துப் போகும் ஓரத்தில் நின்று, அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.