மணி அடித்தால் இறங்கு

மணியை அடித்த பிறகுதான் மருமகளுக்குத் தன் தவறு உறைத்தது.

மேலே ஏரிக்கரை உடைந்துவிட்டது. பால் எடுக்க வண்டியோட்டிப் போனவள் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, போன வேகத்தில் திரும்பி வந்து, தெருமுனை மணியின் கயிற்றைப் பிடித்து இழுத்திருந்தாள். ஊர் மேட்டுக்கு ஓடும் என்று நினைத்தாள். ஊரோ கதவுகளைச் சாத்திக்கொண்டு நிலவறைக்குள் இறங்கியது.

அந்த ஊரின் சரித்திரமே அந்த நிலவறைகள்தான். ஒரு காலத்தில் அது எல்லையில் கிடந்த ஊர். இந்தப் பக்கத்துப் பட்டாளம் சுருட்டிக்கொண்டு போனால், பின்னாலேயே அந்தப் பக்கத்துப் பட்டாளம் வந்து, அவனுக்கு மட்டும் கொடுத்தாயா என்று உதைக்கும். ஆகவே வீட்டுக்கொரு நிலவறை, ஊருக்கொரு மணி. மணி அடித்தால் இறங்கு. பெற்ற தாயே கூப்பிட்டாலும் திறக்காதே, அவள் கழுத்தில் எவன் கத்தி வைத்திருக்கிறானோ. எல்லை எங்கோ தள்ளிப்போய் ஒரு தலைமுறை ஆகியும், அங்கே பிள்ளைகள் நடை பழகும்போதே படியிறங்கவும் பழகின. டவுனிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

இப்போது அவள் தன் வீட்டு நிலவறைக் கதவைக் கை வலிக்கத் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே மாமியார். மாமியார் மடியில் இவள் பெற்ற பெண்.

"அத்தை, ஏரி உடைஞ்சிருச்சு. குழந்தையைத் தூக்கிட்டு மேல வாங்க."

உள்ளே காலடி ஒன்று கதவருகே வந்தது. பிறகு மாமியாரின் குரல், ரகசியம்போல.

"கழுத்துல கத்தி வச்சிருக்காங்களாடி?"

"யாரும் வைக்கல அத்தை. தண்ணி வருது."

"வச்சிருந்தாலும் அப்படித்தானே சொல்லுவ. பாவம்டி நீ. தைரியமா இரு."

தாழ்ப்பாளுக்கு மேல் குறுக்குக் கட்டையும் விழுந்தது. அம்மா என்று குழந்தை ஆரம்பித்ததும் மாமியார் அதன் வாயைப் பொத்தினாள்.

தூரத்தில், ஜல்லி ஏற்றிய லாரி இறக்கத்தில் வருவதுபோல ஓர் இரைச்சல். உலக்கையால் இடித்துப் பார்த்தாள். பட்டாளத்துக்கே உடையாத கதவு இவளுக்கா உடையும்? கொட்டிலில் மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. அவள் அவற்றையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு கதவோடு வாயை வைத்து, நிதானமாகச் சொன்னாள்.

"சரி, நீங்க அங்கேயே இருங்க. செவலையை நான் எங்கம்மா வீட்டுக்கு ஓட்டிட்டுப் போறேன். கன்னுக்குட்டியையும்தான்."

அவிழ்த்து, நிலவறைக்கு மேலேயே குளம்பு அதிர நடத்தி, தெரு வழியே மேட்டை நோக்கி விரட்டினாள். போகிற வழியில் கைக்கு எட்டிய கொட்டில்களையெல்லாம் திறந்துவிட்டாள்.

பட்டாளம் கொண்டுபோனால் விதி என்று விடலாம். மருமகள் தாய்வீட்டுக்குக் கொண்டுபோவதை எந்த மாமியார் விடுவாள்? குறுக்குக் கட்டை பறந்தது. இடுப்பில் குழந்தையும் கையில் தடியுமாக மாமியார் வெளியே வந்து, மருமகளின் ஏழு தலைமுறையையும் தெருவுக்கு இழுத்தாள். நிலவறைகளுக்குள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். கழுத்தில் கத்தி இருக்கிறவள் இத்தனை சுதியோடு திட்ட முடியாது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. மாட்டைப் பிடிக்கப் பாதிப் பேர், சண்டை பார்க்கப் பாதிப் பேர், மொத்த ஊரும் மேட்டில் ஏறியது.

உச்சியில் மாமியார் எட்டி மருமகளின் கூந்தலைப் பிடித்தாள். தடி முதுகில் ஒன்று விழுந்தது. இரண்டாவதுக்கு ஓங்கியபோதுதான் பின்னால் பேச்சு அடங்கியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள்.

கீழே தெரு இல்லை. கூரைகள் மட்டும் தெரிந்தன. அவற்றினூடே செம்மண் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

தடி நழுவியது. கூந்தலை மட்டும் மாமியார் விடவில்லை. விட்டால் விழுந்துவிடுவாள் போலிருந்தது. மருமகளும் தலையை அசைக்காமல், குழந்தையை மட்டும் மெல்லத் தன் இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.