ஒரு நூல் விட்ட துவக்கு

ஐறீன் சனிக்கிழமை பின்னேரம் சுட்ட பத்து வெடிகளும் செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலேகால் மணிக்கு வெள்ளவத்தையில் கேட்டன. வருடம் 1996. அவள் அப்போது, தான் வாடகைக்கு இருந்த பாலேஸ்வரியின் வீட்டு முன்னறையில் ஒரு கல்யாணச் சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தாள். முதல் வெடி தையல் மெசினுக்கும் அலுமாரிக்கும் நடுவில் கேட்டது. மற்ற ஒன்பதும் அதே இடத்தில், அவள் தோட்டா மாற்ற எடுத்த நேரத்தைக்கூட விட்டு விட்டு, ஒழுங்காகக் கேட்டன. புகை இல்லை, மருந்து மணம் இல்லை, யன்னல் கண்ணாடிகூட அசையவில்லை. மேல்மாடியில் மனைவியுடன் கனடா விசாவுக்குக் காத்திருந்த ஸ்ரீஸ்கந்தராசா வாத்தியார் கட்டிலுக்குக் கீழே போனார். பாலேஸ்வரி அடுப்பை நிற்பாட்டிவிட்டு வீட்டிலுள்ள எல்லோருடைய அடையாள அட்டைகளையும் எடுத்து மேசையில் அடுக்கினார். அந்த வருடங்களில் வெடி கேட்டால் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். இருபது நிமிடத்தில் ஆமி வந்து ஒழுங்கையை இரண்டு பக்கமும் அடைத்தது. அரிசி வாளிக்குள்ளும் தண்ணீர்த் தாங்கிக்குள்ளும் தேடினார்கள். ஐறீனின் ஊசிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அது யாருடைய சத்தம் என்று கண்டுபிடித்தவர் பாலேஸ்வரியின் தமையன் கனகசபாபதி. முப்பத்தொரு வருடம் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். வீட்டில் கேட்கிற எதையும், குக்கர் விசில் உட்பட, நேரம் போட்டுக் கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

"சனிக்கிழமை நாலேகாலுக்கு நீ எங்க நிண்டனி, பிள்ளை?"

"கிளப்ல, அங்கிள்."

"எத்தினை சுட்டனி?"

"பத்து."

"அங்க சத்தம் கேட்டதோ?"

ஐறீன் யோசித்தாள். "இல்லை. தோட்டா ஈரமாயிருக்கும் எண்டு சொன்னாங்க. ஆனா தட்டு உடைஞ்சது."

"அப்ப சரி. எழுபத்திரண்டு மணித்தியாலம். இது உன்ர சாமான்தான்."

பாலேஸ்வரி மேசையிலிருந்த அட்டைகளைத் திருப்பிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டே கேட்டார்: "ஏன் பிள்ளை, செருப்பைக் கழட்டிப்போட்டு வாறமாதிரி அதை அங்கயே விட்டிட்டு வரேலாதோ?"

ஐறீன் துவக்குப் பிடித்தது தையலால்தான். கொட்டாஞ்சேனையில் ஹியூபேட் என்பவர் இருந்தார். துறைமுகத்தில் கிளாக் உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர். நகரத்துக்கு வெளியே பழைய செங்கல் சூளைக் காணியில் இயங்கிய களிமண் தட்டுச் சுடும் கழகத்துக்கு அவர்தான் செயலாளர். யந்திரம் ஒன்று சோசர் அளவிலான களிமண் தட்டுகளை ஆகாயத்தில் வீசும், அவற்றைப் பறக்கும்போதே சுட்டு உடைக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. சுடும்போது போடும் தன் கையில்லாச் சட்டைக்கு வலது தோளில் தோல் வைத்துத் தைக்க அவர் ஐறீனிடம் கொடுத்தார். உடம்பில் பார்க்காமல் தோல் வைக்க முடியாது என்று அவள் கழகத்துக்கே போனாள். ஹியூபேட் துவக்கைத் தூக்கிக் காட்ட, அவள் ஊசி குத்தி அளவெடுக்க, ஒரு விளையாட்டுக்காக யாரோ அவள் கையிலும் துவக்கைக் கொடுத்தார்கள். பத்தில் ஏழு தட்டை உடைத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்குக் கைதட்டல் பெரிதாகத் தெரியவில்லை. துவக்குத் தோளில் உதைத்தும் சத்தம் வராத அந்தக் கணம்தான் அவளை மயக்கியது.

எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொட்டாஞ்சேனை வீடு எரிந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு அவள் எந்தச் சத்தத்துக்கும் துள்ளுவாள். சட்டி மூடி விழுந்தால் துள்ளுவாள். பஸ் டயர் வெடித்தால் தையல் கோணலாகும். அதைப் பிரித்துத் திரும்பத் தைக்க ஒரு மணித்தியாலம் போகும். சூளைக் காணியில் அவள் சுடும்போது மட்டும் உலகம் வாய் மூடிக்கொண்டது. தட்டு உடைந்து கறுப்புத் தூளாகக் கீழே இறங்குவதை அவள் அமைதியாக நின்று பார்த்தாள். மார்கழி மாதம் கழகங்களுக்கிடையில் ஐம்பது தட்டுப் போட்டி நடக்கும் என்று கேள்விப்பட்டதும், தானும் சுடப் போவதாகச் சொன்னாள். அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டது அதுவே முதல் தடவை.

சத்தத்துக்கு ஒரு வழி கனகசபாபதி சொன்னார். அது ஐறீன் இருக்கிற இடத்துக்குத்தான் வருகிறது. ஆகவே வரவேண்டிய நேரத்தில் அவள் கடற்கரை ரயில் பாதையோரம் போய் நிற்கட்டும். நாலு பதினைந்துக்குக் காலிக்குப் போகிற ரயில் வெள்ளவத்தையைத் தாண்டும். அந்த இரைச்சலில் பத்து வெடி என்ன, நூறு வெடியும் தெரியாது. நேர அட்டவணையை நம்பிச் சொன்னார். ஸ்டேசன் மாஸ்டர் ஒருவரால் மட்டுமே அப்படி நம்ப முடியும். அடுத்த சனிக்கிழமையும் அவள் நாலேகாலுக்குப் பத்து வெடி சுட்டாள். செவ்வாய்க்கிழமை ரயில் பதினெட்டு நிமிடம் பிந்தியது. கடல்கூட அடங்கிக் கிடந்த நேரத்தில் பத்து வெடிகளும் ஆமிக் காவலரணுக்கு முப்பது யார் தூரம் தள்ளித் தெளிவாகக் கேட்டன. காற்று வாங்க வந்த எல்லோரையும் மணலில் குப்புறப் படுக்க வைத்தார்கள். ஐறீனின் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைப் பார்த்து அவளை விட்டுவிட்டார்கள். மனைவியுடன் கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்ரீஸ்கந்தராசா வாத்தியாரை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒன்பது நாள் கழித்து வந்தார். வந்தவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கடலை சாப்பிடுவதில்லை.

அவர் வந்த அன்று பாலேஸ்வரி ஐறீனைக் கூப்பிட்டு இருத்தினார்.

"இந்த வீட்டில இருக்கிற ஆக்கள் எண்டு பொலிசில குடுத்த பட்டியல்ல உன்ர பேர் என்ர கையெழுத்திலதான் நிக்குது. உன்னில எனக்கு ஒரு கோவமும் இல்லை. ஆனா இந்த ஒழுங்கையில இன்னொரு வெடி கேட்டா, உன்ர பேரை வெட்டிப்போடுவன்."

பெயர் வெட்டப்பட்டால் அறை போகும். பதிவில்லாத தமிழருக்குக் கொழும்பில் வேறு அறை கிடைக்காது. எரிந்த வீட்டுக்குப் பிறகு ஐறீனுக்கு இருந்தது அந்த முன்னறை மட்டும்தான்.

ஹியூபேட் விசயத்தைக் கேட்டு வியப்படையவில்லை. கழகத்துத் துவக்கை அவள் கையில் கொடுத்துக் கண்ணை மூடச் சொன்னார். மூடியபடி துவக்கைத் தூக்கித் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்க்கச் சொன்னார். அவள் கண்ணைத் திறந்தபோது குழலின் நுனி தெரியவில்லை. துவக்கின் பின்பக்க இரும்புதான் தெரிந்தது. ஆறடி மனிதர் ஒருவருக்குச் செய்த துவக்கு அது. கன்னத்துக்கும் துவக்கின் மரக்கட்டைக்கும் நடுவில் ஹியூபேட்டின் மூன்று விரல் தாராளமாகப் போனது.

"பாத்தியா மகள், இந்த ஓட்டைக்குள்ளாலதான் சத்தம் வழி தவறிப் போகுது. ஓட்டை எவ்வளவு பெரிசோ, அவ்வளவுக்குப் பிந்தும். உனக்கு அளவான துவக்கு வேணும்."

அளவு என்ற சொல்லைக் கேட்டதும் ஐறீனுக்குத் தைரியம் வந்தது. அது அவளுக்குத் தெரிந்த வேலை. கழகத்து இரும்பு அலுமாரியில், வெளிநாடு போன அங்கத்தவர்கள் விட்டுப்போன துவக்குகள் நாலு இருந்தன. நாலும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குழல் வைத்தவை. பக்கம் பக்கமாகக் குழல் வைத்த துவக்கு பறக்கிற தட்டைப் பாதி மறைக்கும் என்றும், மேலும் கீழுமாக இருந்தால் கண்ணுக்கு ஒரே கோடுதான் என்றும், முதலில் கீழ்க்குழல் வெடிப்பதால் உதை நேராகத் தோளுக்குப் போய் இரண்டாவது தட்டுக்குத் துவக்கு எகிறாமல் நிற்கும் என்றும் ஹியூபேட் விளக்கினார். அவள் தலையாட்டிக்கொண்டே நாடாவை எடுத்தாள். முதல் துவக்கின் குழல் முப்பத்திரண்டு அங்குலம். தூக்கியதும் முன்பக்கம் நிலத்தைப் பார்த்தது. கன்னத்தடியில் இரண்டு விரல் போனது. சுடாமலே வைத்துவிட்டாள். இரண்டாவது காட்டுக்கோழி சுடுகிறவர்களின் துவக்கு. இறகு மாதிரி இலேசு. ஆனால் பறக்கிற தட்டோடு வீசத் தொடங்கினால் நடுவழியில் நின்றுவிடும். ஒரு விரல் போனது. அதையும் வைத்தாள்.

மூன்றாவது துவக்கைக் கண் மூடித் தூக்கினாள். திறந்தபோது குழல் நுனியிலிருந்த வெண்மணி, தட்டில் வைத்த பயறு மாதிரி, சரியாக நடுவில் இருந்தது. குழல் முப்பது அங்குலம்; தோட்டா போட மடிக்கிற இடத்தில் ஒரு விரலில் வைத்தால் இரண்டு பக்கமும் சாயாமல் நின்றது. கன்னத்தடியில் தையல் நூல்கூட நுழையவில்லை. ஹியூபேட்டுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பத்துத் தோட்டா கொடுத்தார். அவள் விசையை இழுத்ததும் சத்தம் அந்த இடத்திலேயே, அந்தக் கணத்திலேயே, மற்றவர்களுக்கு வருகிற மாதிரி வந்தது. ஐறீன் துள்ளினாள். அடுத்த தடவை சத்தம் வருமுன்பே துள்ளினாள். பத்தில் மூன்று தட்டுதான் உடைந்தது. அதில் ஒன்று தானாக விழுந்து உடைந்ததாக இருக்கலாம்.

நாலாவது துவக்கின் கட்டை வெடித்துப் பித்தளை ஆணி போட்டிருந்தது. வண்ணம் உரிந்திருந்தது. மணி நடுவில்தான் தெரிந்தது. ஆனால் கன்னத்தடியில் அவளுடைய வெள்ளை நூல் ஒன்று நுழைந்தது. நூலை இரட்டையாக மடித்தால் நுழையவில்லை. பத்து வெடி சுட்டாள். ஒரு சத்தமும் இல்லை. ஒன்பது தட்டு தூளானது.

அவள் வீட்டுக்குப் போக மறுத்தாள். இருவரும் அலுமாரி அறையில் இருந்து காத்திருந்தார்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் சத்தங்கள் வந்தன. ஐறீன் இரண்டு காதிலும் விரலை வைத்து, முழங்காலுக்கு நடுவில் தலையைக் கவிழ்த்து, பத்தையும் கடந்தாள்.

"மூண்டாவதை எடு, மகள்," என்றார் ஹியூபேட். "உனக்கெண்டே செய்தது அது. சத்தத்துக்குப் பழகிருவாய். வீட்டுக்கும் ஒரு தொல்லையும் இல்லை."

"அங்கிள், உடம்போட ஒட்டத் தைச்ச சட்டையில கையைத் தூக்க ஏலாது. நான் ஆருக்கும் ஒரு நூல் விட்டுத்தான் தைக்கிறது."

"சத்தம் வர முதல் பஸ் ஏறினா?"

"ஏற மாட்டேன்."

போட்டி அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஐறீனின் சொல்லை மட்டும் நம்பப் பாலேஸ்வரி தயாராக இல்லை. பெரிய பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் ஒரு பை நிறைய மீன் வைத்த மாலு பணிசும் எடுத்துக்கொண்டு, மூன்று சோதனைச் சாவடி தாண்டி, சூளைக் காணிக்குக் கூடவே வந்தார். இருபத்தாறு பேர் சுட்டார்கள். ஐறீனின் முறை கடைசி. நூல் அளவு சரிதானா என்று ஒருதரம் பார்த்துவிட்டு நின்றாள். தட்டுகள் இடமிருந்தும் வலமிருந்தும் எழும்பின. அவள் தோள் மட்டும் ஐம்பது தடவை பின்னுக்குப் போய் வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஊமைப்படம் பார்த்த மாதிரி இருந்தது. தட்டு தூளாகும், காகம் கரையும், அவ்வளவுதான். நாலு தட்டு தப்பியது. நாற்பத்தாறு உடைந்தது. அதுவரை முன்னுக்கு நின்றவர் நாற்பத்தைந்து.

நடுவர் இளைப்பாறிய சிங்களத் தலைமையாசிரியர். பேனையை மூடாமல் பிடித்தபடி ஹியூபேட்டைப் பார்த்து, "சத்தே கோ?" என்றார். சத்தம் எங்கே என்பது கேள்வி.

"எனவா சேர், எனவா," என்றார் ஹியூபேட். வருகிறது என்பது பதில்.

விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். வெடி என்பது கேட்க வேண்டும் என்று இருந்தது. எப்போது கேட்க வேண்டும் என்று இல்லை. நடுவர் நீதியான மனிதர். ஐறீனின் பெயருக்கு நேரே ஐம்பது கட்டம் கீறிக்கொண்டு கதிரையை மரத்தடிக்கு இழுத்துப் போட்டார். மற்றவர்களும் போகவில்லை. வெயில் சாய்ந்தது. பாலேஸ்வரி நடுவருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். ஐறீன் காதுக்குள் வைக்கப் பஞ்சு கொண்டுவந்திருந்தாள். ஆனால் எண்ணுகிறவருக்கு முன்னால் காதை அடைத்துக்கொண்டு இருப்பது மரியாதையில்லை என்று பட்டதால் அதைக் கைப்பைக்குள்ளேயே விட்டாள்.

முதல் வெடிக்குத் தேத்தண்ணி அவள் மடியில் ஊற்றுண்டது. நடுவர் முதல் கட்டத்தில் கோடு போட்டார். ஐந்தாவதுக்குக் கோப்பை கீழே விழுந்தது. பாலேஸ்வரி எடுத்துத் துடைத்து நிரப்பிக் கொடுத்தார். பத்துக்கும் இருபதுக்கும் ஐறீன் துள்ளினாள். ஆனால் அவை தன்னுடைய வெடிகள் என்பதும், அவை எந்தத் தட்டுகளின் வெடிகள் என்பதும் அவளுக்கு நினைவு வந்தது. இது இடப்பக்கத்தால் தாழ வந்தது, இது வெயிலுக்குள் போனது, இது தப்பியது. இருபத்தேழில் அடுத்தது எப்போது வரும் என்று தெரிந்திருந்தது. முப்பத்தெட்டில் தோள் மட்டும் கொஞ்சம் அசைந்தது. ஐம்பதாவது வந்தபோது அவள் கோப்பையை வாயில் வைத்திருந்தாள். கண் இமைக்கவில்லை. குடித்து முடித்தாள்.

நடுவர் கடைசிக் கட்டத்தில் கோடு போட்டு எழும்பினார். பாலேஸ்வரி பிளாஸ்க்கின் மூடியைத் திருகினார். "முடிஞ்சதோ? எண்ணினனீங்கள்தானே? அப்ப பிள்ளை, வெளிக்கிடு. பஸ் போயிடும்."

அன்று வெள்ளவத்தையில் ஒரு வெடியும் கேட்கவில்லை என்று கனகசபாபதி கொப்பியில் எழுதி, காலி ரயில் சரியான நேரத்துக்குப் போனதையும் குறித்து வைத்தார். பட்டியலில் ஐறீனின் பெயர் நின்றது. வாத்தியாருக்கு அடுத்த வருடம் விசா வந்தது. போகும்போது மனைவிக்கு இரண்டு சட்டை தைப்பித்துக்கொண்டு போனார். அந்த மரத்தடியில், இருந்து காத்திருக்கப் பலகை வாங்கு ஒன்றைக் கழகம் போட்டுக் கொடுத்தது. போர் முடிவதற்குள் ஐறீன் இன்னும் ஆறு கோப்பை வென்றாள், ஐந்து தடவை தோற்றாள். அந்தப் போட்டியில் பரிசு வழங்குவது எப்போதும் ஒன்றரை மணித்தியாலம் பிந்தித்தான். புதிதாக வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால், ஐறீனின் வெடி இன்னும் வந்து சேரவில்லை என்று சொல்லி, இருக்க இடம் காட்டி, தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்று கேட்பார்கள்.