நாலுக்கு மேல் வித்தியாசம்

எழுபத்திரண்டாவது ஆளாக வந்து உட்கார்ந்தவள் ஒரு சலவைத் தொழிலாளி. இருபது வருஷமாக ஈர விரிப்புகளை அள்ளி இயந்திரத்தில் போட்டுப் போட்டு, முழங்கைக்கு மேலே அவள் கை தூண் மாதிரி இறுகிப்போயிருந்தது. நர்ஸ் இருப்பதிலேயே பெரிய ரத்த அழுத்தக் கைப்பட்டையை எடுத்துச் சுற்றினாள். அஞ்சு நிமிஷம் பேசாமல், கால்மேல் கால் போடாமல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொன்னாள். சும்மா இரு என்று தன்னிடம் யாராவது சொல்லி எத்தனை வருஷமாச்சு என்று சலவைக்காரி சிரித்தாள்.

அந்த அறையில் இருந்த ஸ்டெதஸ்கோப்புக்குத் தலை ஒன்று, காதுக்குழாய் இரண்டு ஜோடி. ஒரு ஜோடி நர்ஸின் காதில். இன்னொன்று, நடுவில் தொங்கிய துணித்திரைக்கு அந்தப்பக்கம், கம்பவுண்டரின் காதில். ஒருவர் எழுதுவது மற்றவர் கண்ணில் படக் கூடாது என்பதற்குத்தான் திரை. இருவரும் பாதரசத்தைப் பார்த்தபடி ஒரே சத்தத்தைக் கேட்டுத் தனித்தனியே எண்ணை எழுதுவார்கள். பிறகு குறிப்பெழுதும் பெண், சோதனைக்கு வந்திருந்த புது மெஷினை அதே கையில் கட்டிப் பொத்தானை அமுக்குவாள். அது என்ன காட்டுகிறது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். இப்படி ஒவ்வொருவருக்கும் மாற்றி மாற்றி மூன்று தடவை. எண்பத்தைந்து பேருக்கு மெஷினும் காதும் ஒத்துப்போனால்தான் அங்கீகார அலுவலகம் முத்திரை குத்தும். அதற்கப்புறம்தான் மெஷின் கடைக்குப் போகும்.

நர்ஸ் காற்றை மெல்ல இறக்கினாள். பாதரசம் வழுக்கிக்கொண்டு வந்தது. நூற்று எண்பத்திரண்டில் முதல் தட்டு கேட்டது. கதவைத் தட்டுவது போல அவ்வளவு தெளிவு. எழுதித் தாளை மடித்தாள். குறிப்பெழுதும் பெண் மெஷினைக் கட்டினாள், எண்ணைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்து எழுதினாள். பருத்த கைக்காரர்கள் வந்தபோதெல்லாம் அவள் உதட்டைக் கடிப்பதை நர்ஸ் கவனித்திருந்தாள். வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

சலவைக்காரி போகும்போது நர்ஸ் வாசல்வரை கூடப் போனாள். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொல்லி, ஒரு துண்டுச்சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்தாள். அவள் சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, நாளைக்கு லீவு கிடைக்காது, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றாள்.

அன்று சாயங்காலம் பரிசோதனைக்கூடத்து மேனேஜர் நர்ஸையும் கம்பவுண்டரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். கத்துகிற மனிதர் இல்லை அவர். குரலைத் தாழ்த்தினால்தான் பயம்.

பருத்த கைகளில் மெஷின் முப்பது, முப்பத்தைந்து குறைத்துக் காட்டுகிறது என்று அவரே சொன்னார். இந்தக் கணக்கோடு அனுப்பினால் மெஷின் தேறாது. மெஷின் கம்பெனி வேறு பரிசோதனைக்கூடத்துக்குப் போய்விடும். இங்கே பன்னிரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிறகு விதிப்புத்தகத்தைத் திருப்பி அவர்கள் பக்கம் தள்ளினார்.

"மெஷின் நம்பரை யாரும் தொட வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் எழுதறது நாலுக்கு மேல வித்தியாசப்பட்டா அந்த ஆளை நீக்கலாம்னு விதியே சொல்லுது. ஒரு காதுக்குச் சரியா கேக்கலேன்னு வைங்க, அவ்வளவுதான். பதிலுக்கு வேற ஆளைக் கூப்பிட்டுக்கலாம். கை கொஞ்சம் பெருசா இருந்தாப் போதும். இவ்வளவு பெருசா இருக்கணும்னு எந்த விதியும் இல்ல."

நர்ஸ் புத்தகத்தைத் தொடவில்லை. "எனக்கு எல்லாமே சரியாத்தான் சார் கேட்டுச்சு," என்றாள்.

"யோசிங்க," என்றார் மேனேஜர். அவர் பார்வை அவளை விட்டுக் கம்பவுண்டரிடம் போய் நின்றது.

நர்ஸ் வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்பவர், வார்த்தைக்குப் பஞ்சம். அடுத்த அறையில் நான் முணுமுணுக்கிறதே உனக்குக் கேட்டுவிடுகிறது, உன் காதில் கோளாறு என்று எவன் நம்புவான் என்றார். அவள் சிரித்தாள். 

மறுவாரம் நீக்கப்பட்ட தாள்கள் தனிக் கட்டாக மேஜைமேல் வந்தன. பதினான்கு பேர், அத்தனை பேரும் பருத்த கைக்காரர்கள். நர்ஸ் சலவைக்காரியின் தாளை எடுத்துப் பார்த்தாள். தான் எழுதியது நூற்று எண்பத்திரண்டு. கம்பவுண்டரின் கட்டத்தில் நூற்று எழுபத்தாறு. அடியில் பழைய எண் மங்கலாகத் தெரிய, மேலே புது மை பளபளத்தது.

டீ நேரத்தில் அவரைப் படிக்கட்டில் பிடித்தாள்.

"அண்ணே, அந்தம்மா கையில நூத்தி எம்பத்திரண்டு உங்களுக்குக் கேக்கலையா?"

கம்பவுண்டர் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் திரைக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஏதாவது வேடிக்கை பேசி அவளைச் சிரிக்க வைப்பவர். இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கேட்டுச்சு தங்கச்சி. நல்லாவே கேட்டுச்சு. அறுபத்தொரு வயசுல என்னை வெளியே விட்டா எந்த ஆஸ்பத்திரி கூப்பிடும், சொல்லு."

அவள் அவரைத் தாண்டிப் படியேறினாள். மாடிக்குப் போய்ப் பதினான்கு தாள்களிலும் தன் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினாள்: தெளிவாகக் கேட்டது, சந்தேகம் இல்லை.  தாள்களை மறுபடி கட்டிப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

பத்து நாள் கழித்து அங்கீகார அலுவலகத்து ஆய்வாளர் வந்தார். களைத்த முகம், தடிமனான கண்ணாடி. நாள் முழுக்கத் தாள்களைப் புரட்டினார். மெஷினை அவர் பெட்டியிலிருந்து எடுக்கக்கூட இல்லை. ஓரத்தில் நர்ஸ் எழுதியிருந்த வரிகளைக் கண்டதும் நிறுத்தி, அவளையும் கம்பவுண்டரையும் வரச்சொன்னார்.  இந்த மனிதர் கேட்டுவிட்டார், இனி சொல்லிவிடலாம் என்று நர்ஸுக்குத் தெம்பு வந்தது.

பதினான்கு பேரும் ஒரே மாதிரிக் கைக்காரர்கள், அவர்களை மறுபடி அழைத்து அளந்தால் சாயம் வெளுத்துவிடும் என்று அவள் சொன்னாள். ஆய்வாளர் மறுக்கவில்லை. மறுபடி அழைக்க விதியில் இடம் இல்லை என்றார். பிறகு கம்பவுண்டரிடம் திரும்பி, நீங்கள் எழுதியது நீங்கள் கேட்டதுதானா என்று கேட்டார்.

கம்பவுண்டர் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குக் கேட்டதைத்தான் எழுதினேன் சார்," என்றார். குரல் வெளியே வரவே இல்லை. ஆய்வாளர் அவரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னார்.

மேனேஜர் மெதுவாகக் குறுக்கிட்டார். நர்ஸுக்கு ஐம்பத்து நாலு வயது, காதைச் சோதிக்க ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டோம் என்றார். அவளுக்கே அது அப்போதுதான் தெரியும். ஆய்வாளர் அதையும் குறித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

காது பரிசோதனைக்கு ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்தார்கள். எறும்பு நடக்கிற மாதிரி வந்த ஒலிக்கெல்லாம் அவள் பொத்தானை அமுக்கினாள். இந்தக் காது முப்பது வயதுக்காரருக்குக்கூட இருக்காது என்றான் சோதித்தவன். அந்த அறிக்கையோடு வேலைக்குப் போனாள். மேனேஜர் படித்துப் பார்த்து, ரொம்ப சந்தோஷம் என்றார். ஆனால் மெஷினின் கோப்பு நாலு நாள் முன்பே அங்கீகார அலுவலகத்துக்குப் போய்விட்டதாம். அவளுடைய ஒப்பந்தமும் மாதக்கடைசியோடு முடிகிறதாம். அவள் சாமான்களை எடுத்துக்கொண்டு இறங்கியபோது கம்பவுண்டர் படிக்கட்டில் ஒதுங்கி வழிவிட்டார். 

ஐந்து மாதம் கழித்து, கிடங்குகள் நிறைந்த தெருவில் ஒரு சின்ன கிளினிக்கில் அவளுக்கு வேலை கிடைத்தது. சுமைதூக்குகிறவர்களுக்கு வேலைத்தகுதிச் சீட்டு கொடுக்கிற இடம். காலை ஆறரைக்கே வரிசை நின்றுவிடும். சேர்ந்த மூன்றாம் வாரம் டாக்டர் ஒரு புதுப் பெட்டியைக் கொண்டுவந்து பிரித்தார். மெஷினின் அடிப்பக்கத்தில் அங்கீகார முத்திரை வெள்ளியாக மின்னியது. நர்ஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதே மெஷின்தான்.

பருத்த கைகளுக்கு இது சரிவராது டாக்டர் என்று சொல்லிப் பார்த்தாள். எங்கே வேலை செய்தாள், ஏன் விட்டாள் என்று அவர் விசாரித்தார். அவள் ஒளிக்காமல் சொன்னாள். அவர் அவள் காதுப்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, பேச்சை மாற்றினார்.

வரிசையில் மூன்றாவதாக வந்தவன் சட்டைக் கையை மடிக்கவே திணறினான். அவ்வளவு பருமன். மெஷின் உறுமி அடங்கி நூற்று நாற்பத்து நாலு காட்டியது. அவள் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, அலமாரியில் கிடந்த பழைய பாதரச மானியைக் கட்டி, கேட்டாள். நூற்று எழுபத்தெட்டு. சீட்டில் எண்ணுக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதில் நூற்று எழுபத்தெட்டு என்று எழுதினாள்.

அவன் எட்டிப் பார்த்தான். "அதை எழுதாதீங்க சிஸ்டர். அதைப் பாத்தா என்னை உள்ளே விடமாட்டாங்க. மெஷின்ல வந்ததே இருக்கட்டும்."

"உன் உயிருப்பா இது," என்றாள்.

டாக்டர் கையை நீட்டிச் சீட்டை வாங்கினார். எழுபத்தெட்டை ஒரே கோடாக அடித்து, மேலே நாற்பத்து நாலு எழுதி, கையெழுத்திட்டு அவனிடம் கொடுத்தார். அடுத்த ஆளை வரச் சொன்னார்.

ஜன்னலுக்கு எதிரே கிடங்கின் வாசல். அவன் காவல்காரனிடம் சீட்டைக் காட்டிவிட்டு லாரிக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றான். மேலே நின்றவர்கள் ஒரு மூட்டையை அவன் முதுகில் இறக்கினார்கள். அவன் கை காட்டவே, அதன்மேல் இன்னொன்றையும் வைத்தார்கள். கழுத்து நரம்பு புடைக்க, முகம் சிவக்க, அவன் சாய்வுப் பலகையில் ஏறத் தொடங்கினான்.