பரங்கிமலை வலது பக்கம்

சத்தத்தை முந்திப் பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வங்காள விரிகுடாவுக்கு மேலே வேகமுள் ஒரு துள்ளுத் துள்ளி ஒலியின் வேகத்தைத் தாண்டியபோது, பின் சீட்டில் ஸ்குவாட்ரன் லீடர் ஹம்சினி வாய்விட்டுச் சிரித்தாள். தன்னைவிட மூத்த, இரட்டை இருக்கை ரஷ்ய மிக்-21 போர் விமானம். இந்த வயசிலும் என்ன திமிர்!

இப்போது அதே விமானம் சக்கரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, மயிலாப்பூருக்கு மேலே மணிக்கு முந்நூற்றைம்பது கிலோமீட்டரில் மீனம்பாக்கத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் இறங்கவேண்டிய ராணுவ ஓடுபாதையில் வேறொரு விமானம் டயர் வெடித்துக் குறுக்கே நின்றதால் இங்கே திருப்பிவிட்டிருந்தார்கள். எரிபொருள் விளக்கு சிவப்பு. இறங்க ஒரே ஒரு வாய்ப்புதான்.

"அதோ பாரு, எங்காத்து மொட்டை மாடி. மழை விட்டாச்சு, அம்மா வடாம் காயப் போட்டிருப்பா," என்றாள் ஹம்சினி.

"நாம போடுற சத்தத்துல ஒரு காக்காகூட கிட்ட வராது. எனக்கு தேங்க்ஸ் சொல்லச் சொல்லு," என்றான் முன் சீட்டில் ஓட்டிக்கொண்டிருந்த அறிவு. இருவரும் ஒரே பேட்ச்.

நந்தனம் தாண்டியதும், டமார்!

பருந்து. அறிவின் முன் கண்ணாடி நொறுங்கி வெளுத்து, அதன்மேல் ரத்தம் வழிந்தது.

"ஹம்சி, முன்னாடி ஒண்ணுமே தெர்ல. பக்கவாட்டுல மட்டும்தான்."

"கையை எடு. நான் ஓட்டறேன்."

பின் சீட்டிலிருந்து நேரே பார்க்க முடியாது. அதற்காகவே சக்கரம் இறங்கும்போது தலைக்கு மேல் ஒரு பெரிஸ்கோப் எழும்பும். உள்ளங்கை அகலக் கண்ணாடிக்குள் மொத்தச் சென்னையும்! சீட்டோடு வெளியே குதிக்க உதவும் கைப்பிடி கைக்கெட்டும் தூரத்தில்தான். இழுத்தால் இரண்டு பேரும் பிழைப்பார்கள். விமானம் சைதாப்பேட்டை மேல் விழும்.

"கீழ மார்க்கெட்டு," என்றான் அறிவு. குரல் இறங்கியிருந்தது. "எங்கம்மா இந்நேரம் மீன் வெட்டிக்கினு இருக்கும்."

"யாரும் குதிக்கப் போறதில்லை. பேசாம வா."

அவள் இஞ்சின் வேகத்தைக் குறைக்கவில்லை. இறங்கும்போது பயந்து குறைத்தால் இந்த விமானம் கல்லு மாதிரி விழும். விடியற்காலை மழை ஓய்ந்தும் விமான நிலையப் பக்கம் இன்னும் மூட்டம். பெரிஸ்கோப் கண்ணாடிக்குள், மழை ஈரத்தில் பளபளக்கும் ஒரு நேரான சாம்பல் பட்டை.

"ஓடுபாதை தெரியறது." வலப்பக்கம் லேசாகத் திருப்பினாள்.

"ஹம்சி! பரங்கிமலை இடது பக்கம் வருது. தப்பு! வலது கைப் பக்கம்தான் வரணும். நீ பூந்தமல்லி ரோட்டைப் பாத்துக்கினு கீற!"

"கண்ணாடியில தெளிவா..."

"இன்னாம்மா நீ! பதினெட்டு வருஷம் சைதாப்பேட்டை ஆத்தங்கரைல நின்னு அண்ணாந்து பாத்த வழி இது. ஒரு பிளேன்கூட மலைக்கு அந்தாண்ட போனதில்ல. திருப்பு!"

அதற்குள் அந்தப் பளபளப்பான பட்டையில் ஒரு மாநகரப் பேருந்து ஊர்ந்தது.

ஹம்சினி இடப்பக்கம் சாய்த்தாள். மலையும் மேலிருந்த தேவாலயமும் மூக்குக்கு முன்னால் நகர்ந்து, மெல்ல வலப்பக்கம் ஒதுங்கின. மூட்டத்துக்குள்ளிருந்து வெள்ளைக் கோடுகள் போட்ட நிஜ ஓடுபாதை வந்தது. சக்கரங்கள் கிறீச்சிட்டன. வால் பாராசூட் விரிந்து பிடித்து இழுக்க, விமானம் ஓடி, தளர்ந்து, நின்றது.

"இன்னா, சத்தத்தையே காணோம்?"

"ரிப்போர்ட் யோசிக்கறேன். ரோட்டுல இறக்கப் பாத்தது நான், காப்பாத்தினது நீன்னு எழுதணும்."

"கொட்டை எழுத்துல எழுது."

கீழே இறங்கியதும் அறிவு, ஓடிவந்த தீயணைப்பு வீரரிடம் போன் வாங்கினான்.

"ம்மா, நான்தான். எங்க கீற?"

"மார்க்கெட்டுலதான். வேற எங்க? எவனோ தலைக்கு மேல பிளேன் ஓட்டிக்கினு போறான், காது கிழிஞ்சிபோச்சு. சீக்கிரம் சொல்லு, ஆள் நிக்குது."

"ஒண்ணுமில்ல. வஞ்சிரம் எடுத்து வை. ரெண்டு பேருக்கு."

"நான் மீன் சாப்பிட மாட்டேனேடா," என்றாள் ஹம்சினி.

"தெரியும். ரெண்டு பங்கும் எனக்குத்தான்."