அடி தைத்த வலை

காவாந்தண்டலம் சாலையில் இருக்கும் பெண்கள் கல்லூரியில் ஜாஹிரா எட்டு வருடமாகத் தற்காலிகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர். அந்த எட்டு வருடத்தில் மாணவிகளைப் பஸ்ஸுக்கு வரிசை கட்டவைத்தாள், கோலப் போட்டி நடத்தினாள், விருந்தாளி வந்தால் அந்தப் பெண்கள் கையில் கும்பம் கொடுத்து வாசலில் நிறுத்தினாள். மிச்ச நேரத்தில் பயிற்சி. அதுவும் ஆடுகளத்தில் நெல் காயாத மாதங்களில் மட்டும்.

அவளை நிரந்தரமாக்கும் கோப்பு இந்த வருடம்தான் தாளாளர் கைக்குப் போனது. பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வரும் அம்மையார் முன்னால் ஒரு ஆட்டம். அது ஒழுங்காக நடந்தால் அங்கேயே கையெழுத்து. இல்லையென்றால் ஜூனில் வேறு ஆள். எட்டு வருடமாக வெறும் வளையத்தில் ஆடிய பெண்களுக்காக ஜாஹிரா இரண்டு வலை கேட்டாள்.

வலை வந்தது. அலுவலகக் கண்காணிப்பாளர் வேதாசலம் பிரித்துப் பார்த்தார். மே மாதம் ஓய்வு பெறப்போகிறவர். ஓட்டைப் பொருளை ஒருநாளும் ஏற்காத மனிதர். இரண்டு வலைக்கும் அடியே இல்லை. கடைக்காரரைத் திட்டிவிட்டு, தையல்காரரிடம் கொடுத்து இரட்டைத் தையல் போடச்சொன்னார். ஆய்வு நாள் காலையில் ஏணி போட்டு மாட்டியும் வைத்தார். ஜாஹிரா அப்போது வாசலில் கும்பங்களுக்கு மாவிலை செருகிக்கொண்டிருந்தாள்.

ஆட்டத்தின் மூன்றாவது நிமிடம் கல்லூரி அணியின் தமிழ்ச்செல்வி எறிந்த பந்து வளையத்துக்குள் போனது. வெளியே வரவில்லை.

"மிஸ், பந்து உள்ளயே குந்திக்கினு கீது!" என்று கத்தினாள்.

தாளாளர் எழுந்து கைதட்டினார். "பாத்தீங்களா மேடம்! எங்க பொண்ணுங்க போட்டா கீழ வுழாது."

எதிரணிப் பெண்கள் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "இன்னாடி இது, காய்கறிப் பையா?"

தமிழ்ச்செல்வி தன் அணியின் சுகிர்தாவின் தோளில் ஏறித் தையலைப் பல்லால் கடித்தாள்.

"பல்லு போச்சுனா கல்யாணம் ஆவாதுடி" என்றாள் சுகிர்தா கீழிருந்து.

"ஆவாட்டி போ. நீ ஆடாத நில்லு."

அம்மையார் சிரிக்கவில்லை. "இது யார் வேலை?"

"எல்லாத்துக்கும் கோச்தான் மேடம் பொறுப்பு" என்று தாளாளர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

ஜாஹிரா வேதாசலத்தைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஓய்வுக்கு இரண்டு மாதம்.

"ஆமா மேடம். மாட்டறதுக்கு முன்னாடி நான் பாத்திருக்கணும்" என்றாள்.

வேதாசலம் பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் நல்லவர்கள் பக்கத்தில் நிற்பதில் ஒரு தொந்தரவு உண்டு. இறைவன் அதை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறான்.

"எனக்காவ இன்னாத்துக்குமா பொய் சொல்றே?" என்று அவர் முன்னால் வந்தார். "நான்தான் மேடம் தெச்சது. ஓட்டைன்னு நெனச்சிட்டேன். இந்தம்மா எட்டு வருசத்துல கேட்டதே இந்த வலைதான். அதையும் மூடிட்டேன்."

இப்போது அம்மையார் சிரித்தார். "எத்தனையோ காலேஜ் பாத்துட்டேன். தப்பைத் தள்ளிவிடத்தான் போட்டி போடுவாங்க. இங்க ரெண்டு பேரு அதை ஏத்துக்க அடிச்சுக்கறாங்க. ஃபைல் எங்க சார்?"

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன் மேடம்" என்று தாளாளர் பேனாவைத் திறந்து கையெழுத்திட்டார்.

அன்று பதினோரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். 'வெற்றிக்கு வாழ்த்து' என்று தாளாளர் படத்தோடு முன்கூட்டியே அடித்த பேனர் மட்டும் வாசலில் ஏறியது. அதில் பயிற்சியாளர் பெயர் இல்லை. வேதாசலம் ஏணியைக் கொண்டுவந்து, ஓரத்தில் தன் கையால் எழுதிச் சேர்த்தார்.